கட்டி சார்க் கட்டி முடிச்சு மூணு வருஷம்: எது நின்னுச்சு, எது அறுந்துச்சு

கட்டி சார்க் கப்பலோட மர மாடல் பத்தின ரிவ்யூ இது, பார்சல் பிரிச்ச சூட்டோட எழுதுறது இல்ல. கட்டுறதுக்கு ரெண்டரை வருஷம், அப்புறம் ஹால்ல வச்சு மூணு வருஷம். நிஜ கட்டி சார்க், 1869ல ஸ்காட்லாந்து டம்பார்ட்டன்ல கட்டுன டீ கிளிப்பர், அதாவது டீ ஏத்திக்கிட்டு வேகமா ஓடுற பாய்க்கப்பல், இப்ப லண்டன் கிரீன்விச்ல நிக்குது. 2007ல தீப்பிடிச்சப்போ மாஸ்ட் (பாய்மரம்) எல்லாம் புதுப்பிக்குற வேலைக்காக முன்னாடியே கழட்டி வச்சிருந்ததால அதெல்லாம் தப்பிச்சுது. என்னோடது மர கிட், நூத்துல ஒரு பங்கு, முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்க கம்பத்தோட சேர்த்து 85 செ.மீ.

ஹல், அதாவது கப்பலோட உடம்பு, அதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பலகைய வெந்நீர்ல ஊறப்போட்டு வளைச்சு ஒட்டணும், தப்பு விழுந்தா புட்டி வச்சு தேச்சு மறைச்சிடலாம், மேல எப்படியும் செப்புத் தகடு வந்துடுது (நிஜ கப்பல்ல அது செம்பும் துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் மெட்டல்). தூத்துக்குடி உப்புக் காத்துல ஒரே வருஷத்துல அந்தத் தகடு டிகாஷன் கலருக்கு வந்துடுச்சு, எனக்கு அது புடிச்சிருக்கு, வார்னிஷ் அடிக்காம விட்டது நல்லதாப் போச்சு.

பாடு எல்லாம் ரிக்கிங்லதான், அதாவது கயிறு கட்டுற வேலைல. நிஜ கப்பல்ல கயிறு மட்டும் 11 மைல், நூத்துல ஒரு பங்குன்னா 177 மீட்டர் வருது. மாடல்ல அத்தனையும் போடமாட்டோம், ஆனா ஒவ்வொரு முடிச்சுக்கும் ரெண்டு இன்ச் வெட்டி குப்பைக்குப் போகுமே, கிட்ல வந்த நூல் மொத மாஸ்ட் முடியுறப்பவே தீந்துடுச்சு. தீந்ததே நல்லதுன்னு இப்ப தோணுது, ஏன்னா அது காட்டன், முன் மாஸ்ட் முழுக்க அதுலதான் போட்டேன், ஐப்பசி மழைல விறைச்சிக்கும் கத்திரி வெயில்ல தொங்கும், ரெண்டாவது வருஷம் பாக்குறேன் உச்சிக் கம்பம் லேசா ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. மத்த ரெண்டு மாஸ்ட்டுக்கும் டெய்லர் கடைல வாங்குன பாலியெஸ்டர் நூல்தான், தேன்மெழுகுல ரெண்டு தடவ இழுத்து பிசிறு அடக்கிட்டுப் போட்டது, இன்னிக்கு வரைக்கும் ஒரு இழுவை குறையல. மாஸ்ட்ட தாங்குற கயிறெல்லாம் இந்தக் கப்பல்ல இரும்பு வயர் ரோப், அதனால கறுப்பு நூல் வழவழன்னு இருந்தாலும் உறுத்தாது.

ராட்லைன்னு சொல்ற ஏணிக் கயிறு இருக்கே, அதுதான் ஆளை முறிக்கும். மாஸ்ட்ட ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிக்கிற கயிறுதான் ஷ்ரௌட், அது ஒவ்வொண்ணுலயும் ஒரு க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, நாலு மில்லிமீட்டர் கீழ அடுத்த வரிசை, ஆயிரத்துக்கு மேல முடிச்சு. ஓரத்துல கொஞ்சம் இறுக்கிட்டா ஷ்ரௌட் ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு இடுப்பு புடிச்ச மாதிரி ஆயிடும். அட்டைல கோடு போட்டு பின்னாடி வச்சுக்கிட்டு, நடு ஷ்ரௌட்ல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போனப்புறம்தான் எனக்கு நேரா வந்துச்சு. ஒரு நாளைக்கு பத்து வரிசைக்கு மேல போடாதீங்க, கண்ணு போயிடும்.

பண்ணுன முட்டாள்தனம் ரெண்டு. முன் மாஸ்ட்டுக்குப் பின்னாடி கயிறு கட்டுற முளைங்களுக்கு ஓட்டை போட மறந்துட்டு ஷ்ரௌட் எல்லாம் கட்டிட்டேன், அப்புறம் அந்த சந்துக்குள்ள விரல் ட்ரில்ல விட்டுத் திருகுனா 0.8 மி.மீ. பிட் உள்ளயே ஒடிஞ்சுது, இன்னும் அங்கதான் இருக்கு, மேல ஒரு கயிறு சுருள் வச்சு மூடிட்டேன். அடுத்தது சூப்பர் க்ளூ. முடிச்சுக்கு ஒரு துளி, டக்குனு புடிச்சுது, வேலை வேகமாப் போச்சு, அந்த எடமெல்லாம் இப்ப சேமியா மாதிரி மொறுமொறுன்னு ஆகி தூசி தட்டுற ப்ரஷ் பட்டாலே அறுகுது, இதுவரைக்கும் ஏழு போயிருக்கு. தண்ணி கலந்த ஃபெவிகால் வச்ச முடிச்சு ஒண்ணு கூட விடல, தப்பாக் கட்டுனா ஈர ப்ரஷ்ல நனைச்சு அவுத்துக்கலாம். பிளாக்க (கயிறு ஓடுற கப்பி) எல்லாம், யார்டு, அதாவது பாய் தொங்குற குறுக்குக் கம்பம், மேசைல இருக்கும்போதே அதுல கட்டிடணும், மாஸ்ட்ல ஏத்துனப்புறம் கட்டலாம்னு நினைக்காதீங்க.

எங்க அப்பா சின்ன வயசுல கொழும்புக்குத் தோணியில போனவரு. இந்த யார்டுக்கு அவரு பருமல்னுதான் சொல்லுவாரு. நான் பாய் மாட்டல, கட்டுன கயிறெல்லாம் மறைஞ்சிடும்னு. ஒரு நாள் கண்ணாடிய மூக்குல எறக்கிக்கிட்டு பாத்தவரு, "ஏலே, பாயே இல்லாம எப்படில ஓடும்?"னாரு. அப்புறம் ஒரு எடத்தக் காட்டி, இந்தக் கயிறு அந்தக் கயித்துல ஒரசுது, ஒரு ராத்திரி தாங்காதுன்னாரு. பிளான எடுத்துப் பாத்தா ரெண்ட எடம் மாத்திதான் கட்டியிருக்கேன்.

வாங்கலாமான்னு கேட்டா, மொத கப்பலா இத வாங்காதீங்க, ஒத்த மாஸ்ட் இருக்க சின்ன பாய்க்கப்பல் (கட்டர்) ஒண்ணு கட்டிப் பாருங்க. வாங்கறதா இருந்தா நூலுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் தனியா காசு எடுத்து வைங்க, பெட்டி இல்லாம நான் விட்ட ஒரு வருஷத்துல ராட்லைன் மேல படிஞ்ச தூசி இன்னும் முழுசா போகல. கப்பல் முனைல கையில குதிர வால் புடிச்சிருக்க பொம்பளை சிலைக்கு கிட்ல வால் வரல, வெட்டி மிச்சம் கெடந்த அந்தக் காட்டன் நூல் துண்டப் பிரிச்சு ஒட்டுனேன். அந்த நூலு உருப்படியா நிக்கிற எடம் அது ஒண்ணுதான்.