துருக்கிய அங்கோரா: வளர்த்த அனுபவமும் விடிகாலை நாலு மணிக் குரலும்

மியூனிக்கில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், வெள்ளை அங்கோராப் பூனைக்குட்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். ரெண்டு கண்ணும் நீலம். உங்க வீட்லதான் அது இருக்கே, சொல்லு, வாங்கலாமா?" அதே வாரம் எங்கள் கட்டட நிர்வாகத்திடமிருந்து இரவுச் சத்தம் பற்றி இரண்டாவது கடிதமும் வந்து சேர்ந்தது. அதனால் இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும். ஆனாலும் பூனைக்கு நியாயமாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

துருக்கிய அங்கோரா எத்தனை கிலோ இருக்கும், என்னென்ன நிறத்தில் வரும் என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். கூடவே வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் இருப்பவள் பெயர் சங்கு. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து, வளர்ந்த பூனையாகத்தான் வந்தாள். நாலைந்து வருடமாகிறது. முழு வெள்ளை, இரண்டு கண்ணும் நீலம், இரண்டு காதும் கேட்காது. வம்சாவளிச் சான்றிதழோடு காசு கொடுத்து வாங்கியவளை முந்தைய வீட்டார் காப்பகத்தில் விட்டுப் போயிருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தது: அதிகம் கத்துகிறது.

கத்துவாள், உண்மைதான். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. மற்ற பூனைகள் ஒரு மியாவோடு நிறுத்திக்கொள்ளும். இவள் அடிவயிற்றிலிருந்து எடுத்து, நீட்டி, நடுவில் உடைத்து, மறுபடி மேலே ஏற்றி முடிப்பாள். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருமுறை ஆரம்பித்தாள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளைப்பா இப்படி அழுவுது, போய்ப் பாரு" என்றார். பூனை என்று சொல்லி நம்ப வைக்க சங்கைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

பகலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. விடிகாலை நாலு மணிதான் பிரச்சினை. பூனைகளுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான நேரம். ஜெர்மனியில் ஜூன் மாதம் நாலரை மணிக்கெல்லாம் வானம் வெளுக்க ஆரம்பித்துவிடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது, கோடையில் எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறார்கள். அப்புறம் என்ன, எங்கள் வீட்டு நடைக்கூடத்தில் எழும்பும் குரல் நேராகக் கீழ்வீட்டுப் படுக்கையறைக்குப் போகிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம், அதை இங்கே எல்லோரும் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை கூடவே கூடாது என்று மொத்தமாகப் போடும் நிபந்தனை செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது ஊரை எழுப்ப உரிமை கொடுத்த தீர்ப்பு இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் அக்கம்பக்கத்தார் சங்கடத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பதும் அதில் உண்டு. கீழ்வீட்டு அம்மையார் வயதானவர், வம்புக்கு வருபவர் இல்லை. அவர் தூக்கம் கெடுவது நிஜம். கடிதத்தைப் படித்ததும் எரிச்சல் வந்தது, ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்தக் குரலை ஓரளவு குறைக்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்போது கத்துகிறாள் என்று கவனித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. பசியை விட, நாங்கள் கண்ணில் படாதபோதுதான் அதிகம் கத்துகிறாள். காது கேட்கும் பூனைக்கு இருட்டிலும் வீட்டில் ஆள் இருப்பது தெரியும். மூச்சுச் சத்தம், கட்டில் கிரீச்சிடுவது, யாரோ இருமுவது என்று ஏதாவது ஒன்று போதும். சங்குக்கு விளக்கை அணைத்துவிட்டால் வீடு காலி. அன்றிலிருந்து நடைக்கூடத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு எரிகிறது. படுக்கையறைக் கதவைச் சாத்துவதில்லை. படுக்கும் முன் நன்றாக ஓட வைத்து விளையாடிவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைசிச் சாப்பாடு. குளிர்காலத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. மே மாதம் வந்தால் பாதிதான்.

அழைக்க வேண்டுமென்றால் மரத்தரையில் காலால் ஒரு தட்டு தட்டுவோம், அதிர்வு போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்ப்பாள். தூங்கும்போது நேரடியாகத் தொடக் கூடாது, பதறிவிடுவாள். மெத்தையின் ஓரத்தை மெதுவாக அழுத்தினால் போதும், கண்ணைத் திறந்து ஆளைப் பார்த்துவிட்டு வாலை ஒருமுறை அசைப்பாள். கையை விரித்துக் காட்டினால் வா, கிண்ணத்தைச் சுட்டினால் சாப்பாடு. கற்றுக்கொடுக்க ஒரு சிரமமும் இல்லை. காது கேட்காத குறையைக் கண்ணால் ஈடுகட்டுகிறாள், நம் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தோசை ஊற்றும்போது குளிர்பதனப் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள். கரண்டி மாவை வட்டமாக இழுக்க இழுக்க அவள் தலையும் கூடவே சுற்றும். அடுத்த தோசைக்கு மாவு எடுக்கக் கரண்டி பாத்திரத்துக்குப் போகும் முன்பே பார்வை அங்கே போய்விட்டிருக்கும். என்னை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

குக்கர் விசில், மிக்ஸி, வேக்குவம் கிளீனர் எதற்கும் பயம் கிடையாது. மிக்ஸி ஓடினால் மேடைக்கு வந்து பக்கத்தில் படுத்து மோவாயை மேடைமேல் வைத்துக்கொள்வாள். துவைக்கும் இயந்திரம் வேகமாகச் சுழலும் நேரம் அவளுக்கு மிகவும் பிடித்தது. டிசம்பர் 31 இரவு ஜெர்மனியில் தெருவெல்லாம் வெடி வெடிக்கும். தெரிந்தவர்கள் வீட்டுப் பூனைகள் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும்போது சங்கு ஜன்னல் திண்ணையில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்கிறாள்.

முடியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெர்சியனைப் போல அடர்ந்த உள்முடி அங்கோராவுக்குக் கிடையாது. பட்டுப் போன்ற ஒற்றை அடுக்கு, எளிதில் சிக்காது. வாரத்துக்கு இரண்டு முறை உலோகச் சீப்பால் வாரினால் போதும். காதுக்குப் பின்னாலும், அக்குளிலும், பின்தொடை முடியிலும் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் கழுத்தைச் சுற்றிப் பிடரி முடி வளரும், ஏப்ரலில் அது மொத்தமும் கொட்டும். கறுப்புக் கோட்டுப் போடுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு நகர முடியாது. ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று வறண்டு போவதால் தடவிக் கொடுத்தால் சின்னப் பொறி பறக்கும், மூக்கில் பட்டால் இரண்டு பேருக்குமே வலிக்கும். கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டு தொட்டால் சரியாகிவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம் கதவும் ஜன்னலும். அங்கோரா சும்மா கிடக்கும் பூனை இல்லை. உயரம் வேண்டும், அலமாரியின் உச்சி வேண்டும், திறந்திருக்கும் கதவின் மேல்விளிம்பில்கூட நடப்பாள். இங்கே வீடுகளில் கதவுக்குக் குமிழ் கிடையாது, கீழே அழுத்தும் கைப்பிடிதான். தாவி அதில் தொங்கினால் கதவு திறந்துவிடும் என்பது அவளுக்கு வந்த வாரமே தெரிந்துவிட்டது. குளியலறைக் கைப்பிடியைக் கழற்றி நெட்டுக்குத்தாக மாட்டிவைத்திருக்கிறோம்.

ஜன்னல் விஷயம் விளையாட்டில்லை. ஜெர்மானிய ஜன்னல்களை மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்கிற மாதிரி காற்றுக்காகத் திறந்து வைக்கலாம். பூனை அந்த இடுக்கு வழியாக வெளியே போகப் பார்க்கும், வழுக்கிக் கீழ்நோக்கிக் குறுகும் சந்தில் வயிறு மாட்டிக்கொள்ளும். துடிக்கத் துடிக்க இன்னும் இறங்கும். பின்னங்கால்களுக்கு ரத்தம் போவது நிற்கும், நரம்பும் சிறுநீரகமும் சேதமாகும். இதற்கென்றே கால்நடை மருத்துவர்களிடம் தனிப் பெயர் இருக்கிறது என்றால் எவ்வளவு சகஜம் என்று பாருங்கள். பக்கவாட்டில் மாட்டும் தடுப்புக் கம்பிகள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். பூனை வருவதற்கு முதல் நாளே அவற்றை மாட்டிவிடுங்கள். பால்கனி வலைக்கு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளைப் பூனைக்கு இன்னொன்று: காது நுனியில் முடி குறைவு, நிறமியும் இல்லை. வெயிலில் புண்ணாகி, நாளடைவில் அந்த இடத்தில் புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு. கோடை மதியத்தில் பால்கனிக் கதவு மூடியே இருக்கட்டும். மருத்துவச் செலவு கூடிவிட்டது. 2022 நவம்பரில் ஜெர்மனியில் கால்நடை மருத்துவக் கட்டண அட்டவணையையே உயர்த்திவிட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்யவே ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அது சங்கின் மேல் இல்லை, கீழ்வீட்டு அம்மையார் மேலும் இல்லை.

முழு வெள்ளை நிறத்தைத் தரும் மரபணு, நிறமி செல்கள் தோலுக்குப் போய்ச் சேர்வதைத் தடுக்கிறது. அதே செல்கள் உட்காதுக்கும் தேவை. அங்கே அவை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடும். இரண்டு கண்ணும் நீலமாக இருக்கும் வெள்ளைப் பூனைகளில் பாதிக்கும் மேல் ஒரு காதாவது கேட்காது. ஒரு கண் மட்டும் நீலமானால் ஆபத்து குறைவு, ஒரு கண்கூட நீலமில்லை என்றால் இன்னும் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. நீலக்கண் பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்று டார்வின் 1859-லேயே எழுதிவிட்டார். ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு, துன்பத்தோடு பிறக்கும் என்று தெரிந்தே இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவை விளக்கி 1999-ல் வந்த நிபுணர் அறிக்கை, வெள்ளைப் பூனைகளின் காது கேளாமையையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

இருந்தும் அங்கோரா என்றால் வெள்ளைதான் வேண்டும் என்கிறார்கள். அந்த மயக்கத்துக்கு வரலாறு உண்டு. துருக்கியின் தலைநகர் அங்காராவின் விலங்குக் காட்சிச்சாலையில் வெள்ளைப் பூனைகளைத்தான் பாதுகாத்து வளர்த்தார்கள். 1962-ல் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவற்றின் வழியாகத்தான் இந்த இனம் மேற்கில் மறுபடி தலையெடுத்தது. அங்கே ஒரு பெரிய பூனைச் சங்கம் 1972-ல் போட்டிக்கு ஏற்றுக்கொண்டபோதுகூட வெள்ளைக்கு மட்டும்தான் இடம், மற்ற நிறங்கள் 1978 வரை காத்திருந்தன. கறுப்பு, சாம்பல், வரிப்பூனை நிறம் எல்லாமே அங்கோராவில் உண்டு. அதே ஒல்லி உடம்பு, அதே வால், அதே துறுதுறுப்பு. காதும் கேட்கும்.

படத்துக்காக வெள்ளை கேட்கிறார்கள், விற்கிறவர்கள் பெற்றுக்கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து விடிகாலையில் கத்துகிறது என்று காப்பகத்தில் விட்டுவிடுகிறார்கள். சங்கு அப்படித்தான் எங்களிடம் வந்தாள். அவளைப் போல இன்னொன்று காப்பகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கடிதம் வந்தாலும் பரவாயில்லை என்று இன்றைக்கே போய்க் கூட்டி வந்துவிடுவேன். வீட்டில் அவளை விட நல்ல துணை எனக்கு அமைந்ததில்லை.

ஆனால் நண்பனுக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். அந்தக் குட்டிக்குக் காசு கொடுத்தால், அடுத்த ஈற்றுக்கும் நீதான் காசு கொடுக்கிறாய். அங்கோராதான் வேண்டும் என்றால் வேறு நிறத்தில் பார். பெற்றோரில் ஒன்று வெள்ளையாக இருந்தால், அதன் செவித்திறன் சோதனைச் சான்றிதழைக் கேள். மயக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காதிலும் ஒலி எழுப்பி, மூளை அதற்கு என்ன பதில் தருகிறது என்று அளந்து பார்க்கும் சோதனை அது. கைதட்டிப் பார்த்தோம், திரும்பியது என்று சொன்னால் நம்பாதே, ஒரு காது மட்டும் கேட்கும் பூனையும் திரும்பும். சான்றிதழ் இல்லை என்றால் குட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமலே கிளம்பி வந்துவிடு. எடுத்துவிட்டால் அப்புறம் விட முடியாது.