துணை நாய்: காப்பகத்திலிருந்து எடுப்பதா, இதற்கென்றே வளர்ப்பதா?

1942-ல் கலிஃபோர்னியாவில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்' அமைப்பு தொடங்கப்பட்டபோது, அங்கே முதலில் பயிற்சி பெற்ற நாய்களில் ஒன்று பிளாண்டி. பாசடீனா ஊர் நாய்ப்பட்டியிலிருந்து மீட்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட். போரில் பார்வை இழந்த படைவீரர் ஒருவருக்கு அது வழிகாட்டியானது. ஆனால் அதே அமைப்பு பிறகு தனக்கு வேண்டிய குட்டிகளைத் தானே இனப்பெருக்கம் செய்து வளர்க்க ஆரம்பித்தது. பட்டியில் இன்னொரு பிளாண்டி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதே.

மாற்றுத்திறனாளிக்கு உதவும் துணை நாயை, வீடில்லாத நாய்களை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து எடுப்பதா, இந்த வேலைக்கென்றே பிறக்கவைத்து வளர்ப்பதா என்ற வாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், நாய்க்கு என்ன வேலை என்று தெரியாமல் எந்தப் பக்கமும் பேசக் கூடாது.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் வேலைக்கு இதற்கென்றே வளர்த்த நாய்தான். 'போ' என்று எஜமானர் சொன்னாலும், கார் வந்தால் அது நகராமல் நிற்க வேண்டும். நடைபாதையில் கிடக்கும் எலும்பைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை பார்த்துப் பழகியவைதான் நாயின் சுபாவத்தில் ஊறும். இதற்கென்றே வளர்க்கும் குட்டி எட்டு வார வாக்கில் தன்னார்வலர் வீட்டுக்குப் போய், பஸ், கூட்டம், கடைத்தெரு எல்லாம் பழகிவிடும். காப்பகத்து நாய் அந்த வயதில் எதைக் கண்டு மிரண்டதோ, யாருக்குத் தெரியும்? கூண்டுக்குள் சாதுவாகத் தெரிவதும் சில சமயம் பயத்தில் உறைந்த அமைதிதான். அதற்காக இதற்கென்றே வளர்த்த நாய்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். தாய் தந்தை பார்த்துப் பிறந்த லேப்ரடார்களிலும் கிட்டத்தட்டப் பாதி வேலைக்கு வராமல் கழிந்துபோகின்றன.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு விழுந்த சாவியை எடுத்துக் கொடுப்பது, ஃபிரிட்ஜ் கதவில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறப்பது போன்ற வேலைகளில் காப்பகத்து நாய்க்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு. ஒன்றரை வயது நாயின் உயரமும் எடையும் கண்முன்னே தெரிகின்றன. இடுப்பு மூட்டை உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். குட்டி என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். சிக்கல் தேர்வில் இருக்கிறது. காப்பகத்து நாய்களை வைத்து வைஸ், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான தேர்வுச் சோதனைகள் எந்த நாய் தேறும் என்பதைச் சரியாகக் காட்டிக் கொடுக்கவில்லை.

காது கேளாதோருக்கான நாய் விஷயத்தில் கதை தலைகீழ். 1977-ல் ஒரிகனில் ராய் கபாட் தொடங்கிய 'டாக்ஸ் ஃபார் தி டெஃப்' அமைப்பு காப்பகத்து நாய்களைத்தான் பழக்கியது. வேலை இதுதான்: அடுப்பு டைமர் அடிக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடிவந்து எஜமானரின் முழங்காலைத் தட்டி, அடுப்பு வரை கூட்டிக்கொண்டு போகிறது. கதவு மணிக்கும் குழந்தை அழுகைக்கும் இதே மாதிரிதான். யாரும் கட்டளை போடுவதில்லை, சத்தம்தான் கட்டளை. சாந்தமான பெரிய நாய் காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம். எந்தச் சத்தம் கேட்டாலும் துள்ளி எழும் டெரியர் கலப்பு அப்படி விடாது. 'ஓயாமல் தொந்தரவு' என்று பழைய வீட்டில் துரத்திவிட்ட அதே குணம் இங்கே தகுதியாகிவிடுகிறது. உருவம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, அபார்ட்மென்ட் வீட்டுக்கு அதுவே வசதி. நான் காசு கொடுப்பதாக இருந்தால் இந்த வேலைக்குக் காப்பகத்துக்குத்தான் போவேன்.

காசு என்றதும் ஒன்று: காப்பகத்து நாய் சும்மா கிடைப்பதில்லை. குட்டி வளர்க்கும் செலவு மிச்சம், சரி. பயிற்சியாளர் சம்பளம், வைத்தியம், பிறகு தொடர்ந்து கவனிக்கும் செலவு எல்லாம் அப்படியேதான். 1981-ல் வாஷிங்டன் மாநிலப் பெண்கள் சிறையில் பாலின் குவின் முன்கை எடுத்து, கைதிகளைக் கொண்டு காப்பகத்து நாய்களைப் பழக்கும் திட்டம் தொடங்கியது. பயிற்சிக்கு வேண்டிய நேரத்துக்குக் கைதிகளிடம் பஞ்சமில்லை.

மூன்றாவது வழி, தானே தத்தெடுத்துத் தானே பழக்குவது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைத் தடுக்கவில்லை. சான்றிதழும் கேட்பதில்லை, இனமும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து நாய் தேறாவிட்டால், மனசு ஒட்டிவிட்ட அதைச் செல்லமாக வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேட வேண்டியிருக்கும். அப்படித்தான் செய்வேன் என்பவர்கள் பயிற்சியாளர் ஒருவரோடு காப்பகத்துக்குப் போகட்டும். நாயைக் கூண்டுக்கு வெளியே கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்க்கலாம். திடுக்கிட்டு விலகி, அப்புறம் தானாகவே வந்து மோந்து பார்த்தால் மேற்கொண்டு பேசலாம். மூலையில் ஒடுங்கிக்கொண்டு வெளியே வரவே மறுக்கும் நாய்க்கு வேண்டியது நல்ல வீடு, இந்த வேலை வேண்டாம்.