403-இல் 167 போனால்: கடன் வாங்குவதா, எண்கோட்டில் தாவுவதா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, நாமெல்லாம் படித்த கடன் வாங்கிக் கழித்தல். பாடநூல் மொழியில் இனமாற்றம். இரண்டாவது, சின்ன எண்ணில் தொடங்கிப் பெரிய எண் வரை எண்கோட்டில் தாவித் தாவிப் போய், தாவிய தூரங்களைக் கூட்டிவிடுவது. மூன்றாவது, மேலே உள்ள எண்ணோடும் கீழே உள்ள எண்ணோடும் ஒரே அளவைக் கூட்டிவிட்டுக் கழிப்பது. பள்ளியில் கடன் வாங்கும் முறை எப்படியும் வரும், வரவும் வேண்டும். ஆனால் வீட்டில் முதலில் எதைப் பழக்குவது என்று கேட்டால், நான் தேர்ந்தெடுப்பது எண்கோடுதான்.

வேகம் பார்த்தால் கடன் வாங்கும் முறை முந்தும். நோட்டில் குறைந்த இடம் பிடிப்பதும் அதுதான். இதில் வாதாட ஒன்றுமில்லை. நான் பார்ப்பது வேறொன்றை: விடை தப்பாகப் போனால் அது பிள்ளைக்கே தெரியவருகிறதா? பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவது ஒரு வருடம், இரண்டு வருடம் நடக்கும். அதற்குப் பிறகு பிள்ளை தன் தவறைத் தானே பிடித்தாக வேண்டும். மூன்று முறைகளும் பெரிதாக வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

403-இலிருந்து 167-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 236. கடன் வாங்கும் முறையில் பிள்ளைகள் எழுதும் தவறான விடைகள் பெரும்பாலும் ஏனோதானோ என்று வருபவை அல்ல. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாகவே காட்டினார்கள்: பிள்ளை ஒரு தப்பான விதியை மனதில் வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அதனால் விடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

364 என்று வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 7-இல் 3 போக 4, 6-இல் 0 போக 6, 4-இல் 1 போக 3. மேல் எது, கீழ் எது என்ற பிரிவே அங்கே இல்லை.

336 என்று வந்தால், நடுவில் உள்ள 0-ஐ 9 ஆக்கியிருக்கிறது. ஆனால் அந்த 9 வந்த வழியில் நூறுகளின் 4-ஐ 3 ஆக்க விட்டுவிட்டது.

146 என்று வந்தால், 3-ஐ 13 ஆக்க நூறிலிருந்து நேராக ஒன்றை எடுத்திருக்கிறது. பிறகு 0-ஐ 10 ஆக்க அதே நூறிலிருந்து இன்னொன்றையும் எடுத்திருக்கிறது. நூற்றில் ஒன்றைப் பிரித்தால் பத்து பத்துகள் கிடைக்கும், அதில் ஒன்று ஒன்றுகளுக்குப் போனபின் ஒன்பது மிஞ்சும் என்ற நடுப்படி மனதில் இல்லை.

இந்த மூன்று விடைகளையும் எழுதிய பிள்ளைக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை. அடித்து எழுதிய இலக்கங்கள் முறைப்படி செய்ததுபோலவே தெரிகின்றன. நானூறிலிருந்து ஏறக்குறைய நூற்று எழுபதை எடுத்தால் இருநூற்று முப்பது போல வரவேண்டும் என்ற எண்ணமே எழாது. ஏனென்றால் வேலை நடக்கும்போது 403 என்ற எண் கண்ணில் இல்லை, 4, 0, 3 என்ற மூன்று துண்டுகள்தான் இருக்கின்றன.

அதே கணக்கை எண்கோட்டில் போட்டுப் பாருங்கள். அளவு குறிக்காத வெறும் கோடு போதும், ஸ்கேல் வேண்டாம். இடது ஓரத்தில் 167, வலது ஓரத்தில் 403.

167-இலிருந்து 170-க்கு 3
170-இலிருந்து 200-க்கு 30
200-இலிருந்து 400-க்கு 200
400-இலிருந்து 403-க்கு 3

3, 30, 200, 3 கூட்டினால் 236. நடுவில் உள்ள பூஜ்ஜியம் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. சொல்லப்போனால் 400 ஓய்வெடுக்கும் இடமாகிவிட்டது. பெரிய தாவல் 200 என்பது கண்முன்னே இருப்பதால், விடை 336 என்றோ 146 என்றோ போக வழியே இல்லை.

இதிலும் தவறுகள் உண்டு, ஆனால் அவை பிடிபடும் தவறுகள். முதலாவது, 167-இலிருந்து 170 போகும்போது 167-ஐயும் சேர்த்து எண்ணி 4 என்பது. விடை 237 ஆகும். பென்சிலைக் கோட்டில் வைத்து, எண்ணை அல்ல, தாவலைத்தான் எண்ணுகிறோம் என்று இரண்டு தடவை காட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது, கடைசித் தாவலைக் கூட்ட மறப்பது, 233 வரும். ஒவ்வொரு வளைவின் மேலும் எண்ணை எழுதிவிட்டு, கூட்டும்போது ஒவ்வொன்றாக டிக் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கொஞ்சம் பிடிவாதமானது. 167-இலிருந்து 200-க்கு ஒரே தாவலில் போக நினைக்கும் பிள்ளை 43 என்று எழுதும். 7-க்கு 3 சேர்த்தால் 10, 6-க்கு 4 சேர்த்தால் 10 என்று தனித்தனியாகப் பார்த்ததன் விளைவு அது. 3 சேர்த்தவுடன் 160 போய் 170 ஆகிவிட்டது என்பதைத் தவறவிடுகிறது. முதலில் அடுத்த பத்து, பிறகு அடுத்த நூறு என்று இரண்டு தாவலாகவே வெகுநாள் செய்யவிடுங்கள். சுருக்குவதைப் பிள்ளை தானாகச் செய்துகொள்ளும்.

வாக்கியக் கணக்கிலும் இதற்கு ஒரு பலம் உண்டு. "இன்னும் எத்தனை வேண்டும்", "எவ்வளவு அதிகம்" என்ற கேள்விகளில் எதையும் எடுத்துவிடுவதில்லை. அதனால் கழித்தல் என்றாலே எடுத்துவிடுவது என்று மட்டும் பழகிய பிள்ளை அங்கே கூட்டிவைக்கும். எண்கோட்டில் பழகிய பிள்ளைக்கு அது இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம்.

சம அளவு கூட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள வயது வித்தியாசம் எத்தனை வருடம் போனாலும் மாறாது. அதேபோல இரண்டு எண்களையும் ஒரே அளவு நகர்த்தினால் வித்தியாசம் மாறாது. 403, 167 இரண்டோடும் 33 சேர்த்தால் 436-இல் 200 போக 236. இரண்டிலும் 4 குறைத்தால் 399-இல் 163 போக அதே 236, கடன் வாங்கும் வேலையே இல்லை. 1000-இலிருந்து 368-ஐக் கழிக்க, இரண்டிலும் 1 குறைத்து 999-இல் 367 என்று மாற்றினால் 632 உடனே வந்துவிடும். அழகான முறைதான். ஆனால் காரணம் புரியாத பிள்ளை ஒன்றில் கூட்டி மற்றதில் குறைத்துவிடும், கூட்டலில் அப்படிச் செய்வது சரி என்பதால் குழப்பம் இன்னும் கூடும். எண்கோடு நன்றாகப் பழகியபின் கோட்டின் இரு முனைகளையும் சேர்த்து நகர்த்திக் காட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முதல் முறையாக வைக்க எனக்குத் துணிவில்லை.

கடன் வாங்கும் முறைக்கு ஆதரவாகவும் ஒரு நல்ல சான்று உண்டு. 1949-இல் பிரௌனல், மோசர் இருவரும் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கடன் வாங்குவதையும் சம அளவு கூட்டுவதையும் ஒப்பிட்டார்கள். காரணத்தை விளக்கிக் கற்பித்தபோது கடன் வாங்கும் முறைதான் முன்னால் நின்றது. ஆக, வெறும் சடங்காகச் சொல்லிக்கொடுப்பதில்தான் கோளாறு. 70,216-இலிருந்து 48,359-ஐக் கழிக்க எண்கோட்டில் தாவிக்கொண்டிருப்பதும் வீண்வேலை. ஐந்து இலக்கம் வந்துவிட்டால் நானும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதத்தான் சொல்வேன்.

அதைச் சொல்லிக்கொடுக்கும்போது குச்சிகளில் தொடங்குங்கள். 52 என்றால் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 27-ஐ எடுக்க ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. இந்த இடத்தில் நிறுத்தி, "இப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். 52-தான் என்று பிள்ளை தயங்காமல் சொல்லும்வரை எழுத்துக்குப் போகவேண்டாம். எண்ணிப்பார்த்துத்தான் சொல்கிறது என்றால் இன்னும் நேரம் தேவை.

நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். 403-ஐ நான்கு நூறு, பூஜ்ஜியம் பத்து என்று படிக்காமல், 40 பத்து, 3 ஒன்று என்று படிக்கவையுங்கள். 3-ஐ விரலால் மறைத்தால் 40 தெரியும். அந்த நாற்பதில் ஒரு பத்தை எடுத்தால் 39. 40-ஐ அடித்து மேலே 39, ஒன்றுகளின் மேலே 13. ஒரே அடி. பிறகு 13-இல் 7 போக 6, 9-இல் 6 போக 3, 3-இல் 1 போக 2. நூறிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று என்ற சங்கிலி இல்லாததால் 336, 146 இரண்டுக்கும் இடமில்லை. 1000 என்றால் 100 பத்து, அதில் ஒன்று போக 99.

எந்த முறைக்கும் அடியில் வேண்டியது பத்தின் ஜோடிகள். 7-க்கு எத்தனை சேர்த்தால் 10 என்று கேட்டால் விரல் விடாமல் 3 என்று வரவேண்டும். இது தடுமாறினால் முறையை மாற்றிப் பயனில்லை; கழித்தலை நிறுத்திவிட்டு அதையே சில வாரம் வாய்மொழியாகப் பழக்குங்கள்.

எண்கோடு பழகிய பிள்ளையிடம் 403-இலிருந்து 8 போகச் சொன்னால் சிலசமயம் 8-இலிருந்து மேலே ஏறத் தொடங்கும். கழிக்கும் எண் சிறியதென்றால் பின்னால் தாவுவதே சுலபம்: 403-இலிருந்து 3 பின்னால் போனால் 400, மிச்சம் 5 போனால் 395. எந்தப் பக்கம் தாவினால் தூரம் குறைவு என்று கணக்கைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பள்ளியில் அடுக்கி எழுதினால்தான் மதிப்பெண் என்றால் அங்கே அப்படியே எழுதட்டும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுச் சரிபார்க்க யாரும் தடை சொல்வதில்லை. அந்த இரண்டு விடைகளும் ஒத்துப்போகாதபோது, எதை நம்புவது என்று நீங்கள் சொல்லவேண்டாம். விடையை 167-உடன் கூட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.