சாந்திவனத்தில் நான்கு நாள்: ஜெப ஒழுங்கைத் தேடிப் போகிறவர்களுக்கு

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையோரத் தோப்புக்குள் இருக்கும் சச்சிதானந்த ஆசிரமம் என்ற கத்தோலிக்கத் துறவியர் இல்லத்தைச் சாந்திவனம் என்றே பலரும் அறிவார்கள். உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்தைய தவக்காலமான இந்த லெந்து நாட்களில் நான்கு நாள் அங்கே தங்கி வந்தேன். நான் புராட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். காலையில் வேதவாசிப்பு, இரவில் குடும்ப ஜெபம், வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் என்று வளர்ந்தவள். இவை எல்லாவற்றிலும் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன் என்பதும், வாய்மூடிக் கர்த்தருடைய சமுகத்தில் காத்திருக்க எனக்குத் தெரியாது என்பதும் நடுவயதில்தான் புரிந்தது.

1950இல் ஜூல் மோன்சானின், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய இந்த ஆசிரமத்தை, 1968 முதல் 1993இல் மறையும்வரை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வழிநடத்தினார். புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் கமல்தோலி என்ற துறவற சபையினரின் இல்லம் இது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனைச் சத்து, சித்து, ஆனந்தம் என்று தியானிப்பதால் வந்தது அதன் பெயர்.

விடியலிலும் அந்தியிலும் மௌன தியானம். காலை, நண்பகல், மாலை என மூன்று பொது ஜெபங்கள். அவற்றுக்கு நடுவே காய்கறி நறுக்குவது போன்ற எளிய வேலைகள். தரையில் அமர்ந்து பேசாமல் உண்ணும் சைவ உணவு. நாள் முழுவதும் இவ்வளவுதான். பிரசங்கத்தையோ எழுப்புதல் கூட்டத்தையோ எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது வெறுமையாகத் தோன்றலாம். முதல் நாள் தியானத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது: கண்ணை மூடியதும் வீட்டுக் கணக்கு, மகளின் தேர்வு, பேசாமல் விட்ட உறவு என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. 46ஆம் சங்கீதத்தின் ஒரே வசனத்தை எடுத்துக்கொண்டு, மனம் விலகும்போதெல்லாம் அதனிடமே திரும்பினேன். மூன்றாம் நாள் அந்தியில், எதையும் கேட்காமல் சிறிது நேரம் அமர்ந்திருக்க முடிந்தது. அதற்குமேல் எந்தப் பெரிய அனுபவமும் வாய்க்கவில்லை. வாய்க்கவேண்டும் என்ற ஏக்கமும் அப்போது இல்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது நண்பகல் ஜெபம். காலையும் இரவும் ஜெபிக்கிற நாம், வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதில்லை. நறுக்கிய காய் பாதியில் கிடக்க மணியோசைக்கு எழுந்தபோதுதான், என் நாள் எனக்கே சொந்தம் என்று எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன் என்பது தெரிந்தது.

தயக்கம் தரக்கூடியவற்றையும் சொல்லவேண்டும். பொது ஜெபங்களில் வேதாகமத்தோடு உபநிடதம் முதலிய பிற சமய நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள். ஆரத்தி உண்டு, காலையில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் தருவார்கள். கத்தோலிக்கர் லெந்தின் முதல் நாளைத் திருநீற்றுப் புதன் என்றே அழைப்பதை நினைத்தபோது மாலைத் திருநீறு எனக்கு அந்நியமாகப் படவில்லை. மனந்திரும்புதலின் அடையாளமாக ஏற்றேன். குங்குமத்தை ஏற்க மனம் வராததால் அமைதியாக அமர்ந்திருந்தேன். கத்தோலிக்கரின் திருவிருந்து ஆராதனையான திருப்பலியில் நற்கருணை அப்பத்தையும் பெறவில்லை. அதற்காக யாரும் என்னை வேறாகப் பார்க்கவில்லை. ஆயினும் பிற சமய நூல்களின் வாசிப்பே மனச்சாட்சியை உறுத்தும் என்று அறிந்தவர்கள், அதை முன்கூட்டியே ஜெபத்தோடு யோசித்துவிட்டுச் செல்வது நல்லது.

தங்க விரும்புகிறவர்கள் முன்னதாகத் தெரிவித்துவிட்டுச் செல்லவேண்டும். மூன்று நாளுக்குக் குறைவாகப் போவதைப் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் முதல் நாள் முழுவதும் கை கைப்பேசியையே தேடிக்கொண்டிருக்கும். வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் எடுத்துச் செல்ல வேண்டாம். நான் கொண்டுபோன மூன்றும் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.