நகல் சப்மரைனர்: டயல் பாஸ், மற்றதெல்லாம் சந்தேகம்

ரோலெக்ஸின் டைவிங் வாட்ச்சான சப்மரைனரின் நகல்களில் டயலும் அதைச் சுற்றியுள்ள வளையமான பெசலும் பெரும்பாலும் கண்ணை ஏமாற்றிவிடும். சாயம் வெளுப்பது பின்மூடிக்கு உள்ளேதான்.

மலிவு ரகங்களில் மியோட்டா 8215, சீகோ என்எச்35 அல்லது அவற்றைப் பார்த்துச் செய்த மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) இருக்கும். இவை மணிக்கு 21,600 துடிப்பு, நொடிக்கு 6. அசலின் 3235 மூவ்மென்ட் 28,800, நொடிக்கு 8. நொடிமுள் நகர்வதை உற்றுப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். முழுச் சாவியில் என்எச்35 சுமார் 41 மணி நேரம் ஓடும், அசல் 70. வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நகல் நின்றுபோயிருக்கும்.

டயலில் '300 மீட்டர்' என்று அச்சடிக்க மை போதும், தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் வளையம் தேவையில்லை! அழுத்தச் சோதனை செய்யாமல் குளத்தில் இறங்க வேண்டாம். கிரவுனை (பக்கத்தில் உள்ள சாவித் திருகு) மூடும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். மரை உட்கார்ந்தது விரலுக்குத் தெரிந்தபின் அழுத்தி வலப்பக்கம் திருகுங்கள். அவசரப்பட்டால் மரை தேயும். பிறகு கிரவுனோடு அது திருகி உட்காரும் டியூபையும் மாற்றவேண்டி வரும். இரவு 9 முதல் 3 வரை தேதியை மாற்றாதீர்கள், பல்சக்கரம் உடையலாம்.

பிரேஸ்லெட் திருகு தானாகக் கழன்றால் பிடிப்பு குறைந்த திரெட்லாக்கர் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும்.

பிராண்ட் பெயர் போட்ட நகலைச் சுங்கத்தில் பறிமுதல் செய்யலாம். அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் தொடாது. அதே என்எச்35 உள்ள, அசலின் தோற்றத்தைத் தழுவிச் சொந்தப் பெயரில் வரும் ஹோமாஜ் வாட்ச் என்றால் எந்த மெக்கானிக்கும் திறப்பார். மூவ்மென்ட் கெட்டால் புதிதாக ஒன்றை வாங்கி அப்படியே மாற்றிவிடுவார்.