ரவுட்டுக்கு டைப் பாதுகாப்பு: நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸா, டான்ஸ்டாக் ரவுட்டரா?

வலைச்செயலி கட்ட உதவும் நெக்ஸ்ட் ஜேஎஸ், பக்க முகவரிகளைக் கையாளும் டான்ஸ்டாக் ரவுட்டர் – இரண்டில் எதை எடுப்பது? இலங்கையின் ஹட்டனில் தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்குச் செயலி செய்யும் தம்பிமார் இருவர் கேட்டது இது. லிங்க்கில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும்) நேரத்தில்தான் தெரிந்தது. ரவுட்டுக்கு, அதாவது செயலியின் பக்க முகவரிக்கு, டைப் (எந்த மதிப்பு செல்லும் என்ற வரையறை) இருந்திருந்தால் எழுதும்போதே சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

தொடங்க:
நெக்ஸ்ட் – அமைப்புக் கோப்பில் ஒரே வரி. 2025இல் வந்த 15.5 பதிப்பிலிருந்து நிலையான வசதி.
டான்ஸ்டாக் – ரவுட் மரத்தை (எல்லா ரவுட்டுகளின் அடுக்கை) கட்டி, ரவுட்டரைப் பதிய வேண்டும். முதல் நாள் இழுக்கும்.

தவறான பாதை:
இரண்டுமே பிடிக்கும். ஆனால் நெக்ஸ்டில், ஓடும்போது ஒட்டிக் கட்டும் முகவரியை ‘இது ரவுட்தான்’ என்று நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். பிழை நழுவுவது அங்கேதான்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் மதிப்புகள்:
நெக்ஸ்டின் லிங்க் சோதனை இதைப் பார்ப்பதில்லை.
டான்ஸ்டாக்கில் சரிபார்ப்பு ஃபங்ஷன் ஒன்று எழுதினால் ‘மாதம்=6’ எண்ணாகவே கைக்கு வரும். லிங்க்கில் மாதத்துக்குப் பதில் பெயரைக் கொடுத்தால், டைப்பைச் சரிபார்க்கும் மொழியான டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே நிறுத்தும். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

சிக்னல் குறைந்த லயன்களில் (தொழிலாளர் வீட்டு வரிசைகளில்) போனில் திறக்கும் பக்கங்களை சர்வரிலேயே தயாரித்து அனுப்புவதென்றால் நெக்ஸ்டிலேயே இருங்கள். மாதம், டிவிஷன், ஆள் என்று வடிகட்டிப் பார்க்கும் தோட்ட அலுவலகத் திரைக்கு டான்ஸ்டாக். தம்பிமாரின் செயலி இரண்டாவது வகை; அதையே எடுக்கச் சொன்னேன்.