அம்மான்ர கண்ணுக்குள்ள ஊர்ந்த சாமான்

கனடா ஸ்காபரோவில இருந்து அம்மாவையும் (73 வயசு) கூட்டிக்கொண்டு மார்கழியில சுன்னாகம் வந்தனாங்கள். மூண்டாம் நாள் "கண்ணுக்குள்ள என்னவோ ஊருது பிள்ளை" எண்டா. பிளைட் களைப்பு, ஊர்ப் புழுதி எண்டு நான் விட்டிட்டன். விடியப் பாத்தா இடக்கண் செக்கச்செவேலெண்டு நிக்குது. பிரைவேட்டில சனல் பண்ணிக் காட்டினம், டொக்டர் ரெண்டு நிமிசத்தில அலர்ஜி எண்டு சொட்டுமருந்து எழுதினார். அம்மா ஊருது ஊருது எண்டுதான் சொல்லுறா, ஆர் கேட்டது.

ஞாயிறு இரவு மகள்தான் கண்டவள், வெள்ளைமுழியில நூல்மாதிரி ஒண்டு வளைஞ்சு வளைஞ்சு போகுது. கெதியா போன்ல வீடியோ எடுத்தாள், நான் ஓடிவந்து பாக்கேக்கை ஆள் உள்ள போட்டார். அந்த வீடியோ இல்லாட்டி எங்களை ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டினம்.

திங்கள் அரசாங்க ஆஸ்பத்திரி கண் கிளினிக். ஆறரைக்கு நம்பர் எடுத்து வாங்கில குந்தி, பத்தரைக்குத்தான் கூப்பிட்டவை, ஃபானும் ஓடேல்லை. ஆனா உள்ள இருந்த டொக்டர் பிள்ளை வீடியோவைப் பாத்த உடன "டைரோஃபிலேரியா" எண்டிட்டா. நாய்க்கு வாற புழு, நாயைக் கடிச்ச நுளம்பு பிறகு மனுசரைக் கடிக்கேக்கை வந்திடுமாம், இலங்கையில இது புதுசில்லையாம். யானைக்கால் புழுவுக்குச் சொந்தம்தான், ஆனா அது வேற. யானைக்காலை இங்க ஒழிச்சாச்செண்டு 2016லயே உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிட்டுது. ஆளுக்காள் தொத்தாது, அனேகமா ஒரு புழுதான் இருக்கும். வளர மாசக்கணக்காகுமாம். அப்ப போன வருசம் வந்து நாலு மாசம் நிக்கேக்கை வாங்கினதாத்தான் இருக்கோணும், மனுசி அதைக் கனடாக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறா!

விறைக்கிற சொட்டு விட்டு, வெள்ளைமுழிக்கு மேல இருக்கிற மெல்லிய தோலில சின்னனா வெட்டி, போர்செப்ஸால பிடிச்சு இழுத்தவ. கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர், போத்திலுக்குள்ளயும் நெளிஞ்சுகொண்டு கிடந்துது. புழுவுக்கெண்டு குளிசை ஒண்டும் தரேல்லை, எடுத்தாச் சரியாம், ஒரு அன்ரிபயோட்டிக் சொட்டு மட்டும். ஒரு சதம் கட்டேல்லை. இன்சூரன்ஸுக்கு அனுப்ப எங்களிட்ட இருக்கிற ஒரே பில் அந்த அலர்ஜி பில்தான்.

வயசுபோன ஆக்கள் ஊருது எண்டு சொன்னா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, வீடியோ எடுங்கோ, நீங்களா நோண்டப் போகாதேங்கோ.

இப்ப வீட்டில எல்லாரும் நுளம்புவலைக்குள்ள. முத்தத்து நாய்க்கு மட்டும் அம்மா இன்னும் சோறு வைக்கிறா, ஏசினா "கடிச்சது நுளம்படா, அந்த வாயில்லாச் சீவன் என்ன செய்யும்" எண்டுறா.